பதிலுக்கு விட்ட இடம்

கறுப்புப் பெட்டியில் நொட்டை சொல்ல ஒன்றுமே இல்லை. வைரக்கண்ணுவுக்கு எரிச்சலே அதுதான். பதினொரு மணிக்கு இந்தக் கடையின் மாடி அறையில் வந்து உட்கார்ந்தவர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதே நாகஸ்வரத்தை ஐந்தாம் தடவையாகக் கேட்கிறார். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது, தவில்காரர் தவிலின் தொப்பித் தோலில் கை வைத்து அமுக்குவது கேட்கிறது, எவரோ தூரத்தில் நாற்காலியை நகர்த்துவதுகூடக் கேட்கிறது. பாழாய்ப்போன பெட்டி ஓர் இரைச்சலாவது போடக் கூடாதா, இது வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமே. கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை மறுபடி ஒலியாக்குவது டேக் என்கிற பாதி, அந்த ஒலிக்குத் தெம்பு ஏற்றி ஹெட்போனுக்குத் தள்ளுவது ஆம்ப் என்கிற மீதி. இரண்டும் சேர்ந்து மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. இதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது, இன்னும் முடியவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை பெட்டியைப் பற்றியும் படித்தார், நோட்டுப் போட்டு எழுதினார், ஒன்றுக்கு வாட்ஸ் போதாது என்றார், இன்னொன்றுக்கு வால்யூம் குமிழ் லொடலொட என்றார், மற்றொன்று சூடாகிறது என்றார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கேசரியத் தின்னுட்டு அஞ்சு நிமிஷத்துல தலையாட்டிட்டுப் போனீங்க, இந்த டப்பாவுக்கு எட்டு மாசமா?" என்று தமயந்தி வீட்டில் தினம் ஒரு தடவையாவது கேட்டாள். அவர் பதில் எழுதிக் காட்டவில்லை. என்னவென்று எழுதுவது. பெட்டி கிடைத்துவிட்டால் கேசட்டைக் கேட்டாக வேண்டும், அதனால் பெட்டி கிடைக்காமலே இருக்கட்டும் என்று பயப்படுகிறேன் என்றா எழுத முடியும்.

அவளும் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். நங்கநல்லூரிலிருந்து ஆட்டோவில் வந்த அலுப்பு தீர, கடைக்காரர் ஹெர்பர்ட் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற சாம்பல் நிற நுரைப் பட்டைகளைப் பார்க்கிறாள். இந்த அறையில் சத்தம் எதிரொலிக்காது, வாயிலிருந்து வந்ததும் செத்துப் போகும். துபாயில், டெய்ராவில் அவர் வேலை பார்த்த ஸ்டீரியோ கடையின் பின்னால் சரக்கு அறை இருந்ததே, அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும், அதற்குள்ளும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் கடை திறக்க மாட்டார்கள். அறைக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள், வைரக்கண்ணு மட்டும் சாவி வாங்கிக்கொண்டு கடைக்கு வருவார், ஷோவுக்கு வைத்திருக்கிற செட்டுகளில் அந்த வாரத்துக்கு எது உசத்தியோ அதில் ஒரு புது கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, மைக்கைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு பேச ஆரம்பிப்பார். ஏ பக்கம் குடும்பத்துக்கு. அம்மா, அப்பா, தம்பிமார், பக்கத்து வீட்டு அத்தை, எல்லாரையும் ஒருத்தர் விடாமல் பேர் சொல்லி விசாரிக்க வேண்டும், ஒரு பேர் விட்டுப் போனால் அடுத்த கடிதத்தில் சண்டை வரும். பி பக்கம் அவளுக்கு. தபாலில் வந்த கேசட்டை மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் ஏ பக்கம் போட்டு எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, டேப்ரெக்கார்டரை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு உரிமை உண்டு, அது எப்படியோ பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. அவளும் கேசட் அனுப்பியிருக்கலாம்தான். எங்கே அனுப்புவது, அந்தக் கூடத்தில் ரெக்கார்டு பண்ணுவது என்றால் கோவில் திருவிழா மாதிரி எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், இவள் முறை வரும்போது "நல்லா இருக்கேன், ஒடம்பப் பாத்துக்குங்க" என்ற இரண்டு வாக்கியம் வரும், பின்னால் யாரோ சிரிப்பார்கள், முடிந்தது. கடிதமும் அப்படித்தான், மாமனார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை என்கிற கடிதம்.

"சார், அதுல கேட்டுட்டீங்க. இப்ப இத ஒரு தடவ கேளுங்க சார்," என்று ஹெர்பர்ட் வயரை மாற்றிச் செருகினார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், பொறுமைசாலி, இதுவரை ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது பெட்டியின் தலையில் இரண்டு கண்ணாடி வால்வு, உள்ளே மஞ்சளாகக் கங்கு. "டீடெய்ல் வேணும்னா அது. கொஞ்சம் இதமா, மனசுக்கு நெருக்கமா வேணும்னா இது. குரலுக்கு இதான் சார் ராஜா." குரலுக்கு. அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், சொன்ன பிறகுதான் வைரக்கண்ணுவின் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி ஒரு வயரைச் சுருட்டினார். பாவம், அவர் என்ன செய்வார். பதினாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் குரல்வளையை எடுத்துவிட்டார், கட்டியோடு சேர்த்து, வேறு வழியில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு. இப்போது மூச்சு மூக்கு வழியாக இல்லை, கழுத்துத் துளை வழியாக. பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள், தாடைக்குக் கீழே வைத்து அமுக்கினால் இரையும், வாயசைத்தால் அந்த இரைச்சலே வார்த்தையாகும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதி. பதினாலு வருஷம் ஸ்டீரியோ விற்றவன் தொண்டைக்கு இந்தத் தண்டனையா என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், நோட்டில் எழுதிக் காட்டுகிறார், அவசரமென்றால் உதட்டை அசைக்கிறார், தமயந்தி பாதி புரிந்துகொண்டு மீதியைத் தானே போட்டுக்கொள்கிறாள். எப்போதும் சரியாகத்தான் போடுகிறாள்.

வால்வுப் பெட்டியில் நாகஸ்வரம் கொஞ்சம் சதை போட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. டெய்ராவில் வருகிறவர்களுக்கெல்லாம் அவரே இப்படித்தான் விற்பார், பாருங்கள் அண்ணே, இதில் கேட்டால் ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று. ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்தாரா. இப்போது யோசிக்கிறார், எட்டு மாதமாக வேறு யோசனையே இல்லை. மாப்பிள்ளை இளம்பரிதி ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து நாற்பத்தொரு கேசட்டின் பி பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான், தங்கமான பிள்ளை, யாரும் கேட்காமல் தானாகச் செய்தான். உடனே கேட்டுவிடலாம் என்று தமயந்தி பறந்தாள். இந்த லேப்டாப்பின் ஓட்டையிலா, இரைச்சல் தாங்காது, நல்ல பெட்டி ஒன்று வாங்கி முறையாகக் கேட்கலாம் என்று அவர் எழுதிக் காட்டி நிறுத்தினார். பயம் இதுதான்: அந்த முப்பது வயசுக்காரனின் குரல் கனமாக, வழவழவென்று, கொஞ்சம் மூக்கடைப்போடு அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவன் ஜோக் அடிப்பான். அவளைச் செல்லப் பெயரில் கூப்பிடுவான். பிறகு அவள் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், பக்கத்தில் உஸ் உஸ் என்று கழுத்தால் மூச்சு விட்டுக்கொண்டு ஓர் ஊமைக் கிழவன். பெண்களுக்குச் சக்களத்தி என்று ஒரு சொல் இருக்கிறது, ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு சொல்லைத் தமிழ் செய்து வைக்கவே இல்லை, தேவைப்படாது என்று நினைத்துவிட்டார்கள் போல. அவருக்குத் தேவைப்படுகிறது. அவன் வந்துவிட்டால் அவள் தினம் மத்தியானம் அவனோடு போய் உட்கார்ந்துகொள்வாள், இவர் தயிர்சாதத்தை மசித்துத் தனியாகத் தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தன் குரல்மேலேயே பொறாமைப்படுகிறவன் பைத்தியக்காரன் என்று அவருக்கும் தெரியும்.

"எனக்கு ஒண்ணு போட்டுக் காட்டக் கூடாதா?" என்றாள் தமயந்தி. "ஒரு மணி நேரமா நீங்களே கேக்கறீங்க."

சரி என்று ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். தம்ளரை ஹெர்பர்ட் வாங்கிக்கொண்டார். அவள் கொண்டையைத் தளர்த்தி, தோட்டில் இடிக்காமல் பார்த்து மாட்டிக்கொண்டாள், கொஞ்சம் கேட்டாள், இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று ஹெர்பர்ட் இரண்டு தடவை மாற்றினார்.

"எது மேடம் புடிச்சிருக்கு?"

"ரெண்டும் ஒரே நாகஸ்வரம்தானே தம்பி," என்றாள், காது மூடியிருந்ததால் கொஞ்சம் உரக்க. பிறகு கணவரைப் பார்த்து, அதே உரத்த குரலில், "இதெல்லாம் வேணாம். நம்ம கேசட்டப் போடுங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வீட்டில் போய் என்று உதடு அசைந்தது. "வீட்ல எட்டு மாசமாப் போட்டுக் கிழிச்சீங்க. வாங்கறது அதுக்குத்தானே, அதுல எப்படி இருக்குன்னு பாக்காம எப்படி வாங்கறது?" கடைக்காரர்களிடம் சொல்ல வேண்டிய நியாயத்தை அவரிடமே சொல்கிறாள், பதினாலு வருஷம் வாடிக்கையாளர்களிடம் அவர் சொன்ன அதே நியாயம். ஹெர்பர்ட் வேறு, "கரெக்ட் சார், அதுலதான் டெஸ்ட் பண்ணணும்," என்று ஒத்து ஊதினார். லேப்டாப் திரையில் கேசட்டுகள் வரிசையாக நின்றன, ஒன்று பி, இரண்டு பி, மூன்று பி. ஆபத்தில்லாத ஒன்றைப் போடலாம். பத்தொன்பது ஆபத்தில்லாதது, அதில் சோறு அடிப்பிடித்த கதை, பாகிஸ்தான்காரன் அதையும் தின்ற கதை, சிரித்துவிட்டுப் போகலாம். பத்தொன்பதை அமுக்கினார். அந்த ஹெட்போன் திறந்த வகை, முதுகில் கம்பி வலை, மாட்டியிருக்கிறவர் கேட்பது வெளியேயும் கொஞ்சம் கசியும். இந்தச் செத்த அறையில் கசிவு தெளிவாகவே கேட்டது, கட்டெறும்பு அளவில் ஒரு மனிதக் குரல். அவர் அதைக் கேட்கக் கூடாது என்று பின்னால் சாய்ந்தார், அரை நிமிஷத்தில் முன்னால் சாய்ந்திருந்தார். அது சோற்றுக் கதை இல்லை. புது டபுள் டெக் வந்திருக்கு தமயந்தி, ஜப்பான்லேர்ந்து நேத்துதான் பிரிச்சோம், அதுலதான் பேசறேன் என்றது எறும்பு. மாப்பிள்ளை அவன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டிருக்கிறான். இது எண்பத்தேழாம் வருஷத்தது. இது அந்த கேசட்.

நிறுத்திவிடலாம் என்று கையை எடுத்தார், அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். முதலில் கண்ணை அகல விரித்தாள், பிறகு மூடினாள், உதட்டோரம் வெட்கம் மாதிரி ஒன்று வந்தது. அந்த முகத்தை இவர் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாது, இந்த முகம் வருகிற நேரத்தில் எல்லாம் இவர் டெய்ராவில் இருந்தார். பிறகு அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள், புருவம் நெரிந்தது, வண்டியில் ஏறக் காலைத் தூக்கியதும் வண்டி நகர்ந்துவிட்ட ஆள் மாதிரி ஆனாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினாள்.

"ஏன் இப்படி ஓடறீங்க? நீங்க இப்படியெல்லாம் பேச மாட்டீங்களே. சாப்ட்டியான்னு கேக்கறீங்க, வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடறீங்க. இடம் விடுவீங்க. எவ்வளவு இடம் விடுவீங்க!"

ஹெர்பர்ட் குனிந்து திரையைப் பார்த்தார். "சார், இத ஏத்தினவங்க கேப் எல்லாத்தையும் கட் பண்ணிட்டாங்க. வெத்து இடம்னு சாப்ட்வேரே எடுத்துடும். கேசட் பத்திரமா இருந்தா மறுபடி ஏத்திக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகல."

வெத்து இடம். இளம்பரிதியைக் குறை சொல்ல முடியாது, யாருக்குத் தெரியும். முதல் கேசட்டில் பேச வார்த்தை வராமல் தானாக விழுந்த இடம் அது. சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு, டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சின்னக் கேள்விக்கு மூன்று எண்ணுகிற அளவு, பெரிய கேள்விக்குப் பத்து. டேப் வீண் என்று அறைக்காரர்கள் கேலி செய்தார்கள். அந்த இடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை, லீவில் வந்தபோதும் கேட்கவில்லை, கூச்சம், சிரித்துவிடுவாள் என்று. பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அடுப்படியில் நின்று அந்த டேப்ரெக்கார்டருக்கு அவள் வாய்விட்டுப் பதில் சொன்னாள் என்பது இதோ இப்போதுதான், அறுபத்தெட்டு வயசில், கதவைச் சாத்திய இந்த அறையில் தெரிகிறது. எத்தனை பதில். நாற்பத்தொரு கேசட் பதில், ஒன்றுகூட வந்து சேரவில்லை.

நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். மாட்டிக்கொள் என்று சைகை காட்டினார். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, தலையை அவள் காதுப்பக்கம் சாய்த்துக்கொண்டார், எறும்பு சொல்வது தெரிகிற அளவுக்கு. சாப்ட்டியா என்றது. கீபோர்டின் நீளக் கட்டையைத் தட்டி நிறுத்தினார்.

"சாப்ட்டேன். வெண்டைக்காய் கொழம்பு," என்றாள் தமயந்தி கண்ணை மூடியபடி. தட்டினார், ஓடியது. கயலுக்குப் பல்லு முளைச்சிடுச்சா? தட்டினார்.

"கீழ ரெண்டு. மேல ஒண்ணு, வெரல வெச்சாத் தெரியுது." முப்பத்தெட்டு வயசு மகள் கயல்விழிக்கு நேற்றுதான் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, சத்தமில்லாத சிரிப்பு, கழுத்துத் துணி படபடத்தது.

எம் மேல கோவமா? தட்டினார்.

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னாள், விளக்கம் இல்லை. அவர் அந்த ஆமாவை வாங்கிக்கொண்டார், கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு தட்டினார். இனி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அன்று டபுள் டெக்கின் நம்பர் சக்கரம் முந்நூற்றுப் பத்தைத் தாண்டியபோது அந்தக் கேள்வியைக் கேட்டார், அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய இடம் விட்டார், முப்பது வரைக்கும் எண்ணினார். எண்ணிக்கொண்டிருந்தபோதே பயம் வந்துவிட்டது, அவள் வா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, ஊரில் போய் என்ன செய்வது, பஸ் ஸ்டாண்டில் நின்று யார் கண்ணில் விழிப்பது. முப்பது முடிந்ததும், சரி, நீ சொல்றதும் சரிதான், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் என்று அவரே பேசிவிட்டார். அவள் சொன்னதாக அவரே சொல்லிக்கொண்டார். அடுத்து வந்த கடிதத்தில் இங்கு அனைவரும் நலம் என்று இருந்தது, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தார். கயல் பெரிய மனுஷியானதற்குத் தந்திதான் போனது. அது தப்பு. அதைத் தப்பு என்று இத்தனை நாள் ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை, குரல் இருந்தபோதே சொல்லவில்லை.

எறும்பு கொஞ்சம் செருமிக்கொண்டது. தமயந்தி, நான் இங்கேர்ந்து ஒரேயடியா வந்துடவா?

தட்டினார்.

அவளுடைய மூடிய இமைக்குக் கீழே கண்மணி அங்குமிங்கும் போனது. அவர் எண்ணவில்லை, முப்பது ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள், அறை முழுக்கக் கேட்கிற குரலில். "கேட்டுக்கிட்டா வருவாங்க? பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்க வேண்டியதுதானே. நான் வேணாம்னா சொல்லுவேன்? வாங்க. மாமா ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன். இங்க எனக்கு உங்களத் தவிர யாரு இருக்கா. வாங்க, கெளம்பி வாங்க."

அடுத்துத் தட்டினால், சரி, நீ சொல்றதும் சரிதான் என்று அவன் சொல்லிவிடுவான். வைரக்கண்ணு கட்டையிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முழங்கால்மேல் வைத்தார். அவள் இன்னும் சொல்லிக்கொண்டே போனாள், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்றாள், தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்றாள், இவர் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் முகம் நனைந்துவிட்டது, துடைக்கவில்லை.

ஹெர்பர்ட் மெதுவாக எட்டிப் பார்த்தார். ஓடவேண்டிய கோடு திரையில் நின்றுகொண்டிருந்தது. "என்ன மேடம், சத்தம் வரலியா? பெட்டி எதனா நின்னு போச்சா?"

தமயந்தி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை பார்த்தாள், ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஒண்ணும் நிக்கல தம்பி," என்றாள். "அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு."